பேலட் கட்டையில் அலமாரி: நிஜமாகவே மலிவா?

5 மே 2024, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

வாடகை வீடு, அம்பத்தூர். ஹாலில் ஒரு சுவர் மொட்டையாக நிற்கிறது. கடையில் புத்தக அலமாரி விலை கேட்டால் 6,000 ரூபாய்க்குக் கீழே எதுவும் இல்லை. அதுவும் மரம் இல்லை, அட்டைப் பலகை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பேலட் கட்டைகளை (கம்பெனிகளில் சரக்கு அடுக்கி ஏற்றுகிற மரத் தட்டு) விறகு விலைக்குத் தருகிறார்களாம், அதில் செய்தால் 500 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். யாராவது செய்து பார்த்ததுண்டா? இல்லை, வீடியோவில் மட்டும்தான் மலிவா?

5 மே 2024, இரவு

கொரட்டூரிலிருந்து எழுதுகிறேன். மலிவுதான், நானே செய்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்தான் வந்தது. நாலு வருடமாக இருந்த பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு அதுவே போதும். டீயில் முக்கிய பன் மாதிரி ஊதி, ஸ்க்ரூ பிடித்திருந்த இடமெல்லாம் கையோடு வந்துவிட்டது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தினால் அவ்வளவுதான் தாங்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு பேலட் வாங்கப் போனேன். கணக்கு இதோ: பேலட் 120 வீதம் இரண்டு, 240. ஆட்டோ 150. ஸ்க்ரூ, ஃபெவிகால் 110. ஆக 500. தைரியமாக இறங்குங்கள்.

6 மே 2024

நேற்று எழுதியதை என் கணவர் படித்துவிட்டு, ட்ரில் மெஷின் என்ன உங்க தாத்தா சீதனமா கொடுத்ததா என்று கேட்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். ட்ரில் 2,300. கை ரம்பம் 350. உப்புத்தாள் 160. மேலே பூசிய வார்னிஷ், பிரஷ் எல்லாம் சேர்த்து 420. ஆக நேற்றைய 500 இன்று 3,730. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியும் 6,000க்குக் கீழேதான் என்று சொல்லிக்கொள்கிறேன். ட்ரில் இன்னும் வீட்டில்தானே இருக்கிறது, அடுத்த சாமானுக்கு அந்தச் செலவு கிடையாது. (அடுத்த சாமான் என்று ஒன்று இருந்தால்தானே, என்கிறார் அவர்.)

12 மே 2024

பேலட்டில் விஷ மருந்து அடித்திருப்பார்களே, வீட்டுக்குள் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம். நாடு விட்டு நாடு போகிற மரப் பெட்டி, பேலட் எல்லாவற்றுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்று ஒரு உலக விதி இருக்கிறது, 2002ல் வந்தது. மரத்துக்குள் இருக்கும் பூச்சி அடுத்த நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் படம் போட்டு ஐபிபிசி என்று சூடு போட்ட மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அதில் நாட்டுக் குறியீடு (நம் நாட்டுக்கு ஐஎன்), அதன் பக்கத்திலோ கீழேயோ இரண்டு எழுத்து. ஹெச்டி (HT) என்றால் வெப்பத்தில் வாட்டியது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு காட்டியது. அந்த வாயு ஓசோனுக்கு எமன், பல நாடுகள் கைவிட்டுவிட்டன. ஹெச்டி எடுங்கள். எம்பியைத் தொடாதீர்கள்.

ஆனால் உள்ளூருக்குள்ளேயே சுற்றுகிற பேலட்டில் முத்திரையே இருக்காது. எஸ்டேட் பக்கம் கிடைப்பதில் பாதி அப்படித்தான். அதை மூக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் பிசுக்கு, பச்சை நீலக் கறை, மருந்துக் கடை வாசனை, இதில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுவேன். சுத்தமாக இருந்தாலும் சமையலறைக்கும் குழந்தை படுக்கிற இடத்துக்கும் அது வேண்டாம். இதற்கு அறிவியல் காரணம் கேட்காதீர்கள், மனசு கேட்கவில்லை.

ஹெச்டி கட்டையில் இன்னொரு லாபம், பூச்சியெல்லாம் செத்திருக்கும், உளுக்காது.

2 ஜூன் 2024

கேள்வி கேட்டவர் பேலட் வாங்கிவிட்டாராம், பலகை கழன்று வர மாட்டேன் என்கிறதாம். ஆமாம், வராது. வீடியோவில் கடப்பாரையை விட்டு நெம்பியதும் பலகை பூ மாதிரி வருவது வேறு ஏதோ பேலட். இங்கே அடித்திருப்பது முறுக்கு ஆணி, திருகாணி மாதிரி உள்ளே கடித்துக்கொண்டிருக்கும். நெம்பினால் ஆணி அங்கேயே இருக்கும், பலகை ரெண்டாகும். முதல் பேலட்டில் 11 பலகையில் 5 பலகையைப் பிளந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஆசாரி இருக்கிறார், கதவு நிலை வேலை செய்பவர். நான் மொட்டை மாடியில் சுத்தியலோடு மல்லுக்கட்டுவதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு மேலேயே வந்துவிட்டார். "ஏம்மா, அதைப் பிடுங்காதே, அறு" என்றார். அவ்வளவுதான். பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஹாக்சா பிளேடை விட்டு ஆணியையே அறுத்துவிடுவது. ஆணியின் கொண்டை பலகையிலேயே இருந்துவிடும். பிறகு வேண்டுமானால் பின்பக்கமிருந்து தட்டி வெளியே தள்ளலாம், வேண்டாமென்றால் அப்படியே விடலாம், கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பேலட்டுக்கு ஒன்றரை மணி நேரம், மூன்று பிளேடு. பிளந்த பலகை பூஜ்யம்.

3 ஜூன் 2024

நேற்று சொல்ல மறந்தது. அறுத்த ஆணியைக் கீழே போடாதீர்கள், ஒரு டப்பாவில் போடுங்கள். இதை ஏன் தனிக் குறிப்பாக எழுதுகிறேன் என்றால் இன்று காலை துணி காயப்போட செருப்பில்லாமல் மாடிக்குப் போனேன். டிடி ஊசி, டாக்டர் ஃபீஸ், மாத்திரை, மொத்தம் 380. கணக்கில் சேருங்கள்: 4,110.

9 ஜூன் 2024

சுவரில் மாட்டலாமா என்று ஒருவர். சொந்த வீடென்றால் ராவல் பிளக் (சுவர்த் துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல்) வைத்து மாட்டுங்கள். வாடகை வீடென்றால் முதலில் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். எங்கள் ஓனர் அம்மா காலண்டர் ஆணிக்கே கணக்கு வைத்திருக்கிறார். அதனால் என் அலமாரி தரையில் நிற்கிறது. ஏணி மாதிரி சாய்ந்த அமைப்பு, அடியில் 14 அங்குல ஆழம், மேலே போகப் போகக் குறைந்து 6 அங்குலம். கனமான புத்தகம் கீழ்த் தட்டில் இருந்தால் அது பாட்டுக்கு நிற்கும். சுவரைத் தொடவே இல்லை. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்யாதீர்கள், பிடித்து ஏறும்.

30 ஜூன் 2024

அலமாரி தவிர வேறு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு என் பதிலைக் கேட்டால் கோபம் வரலாம். சின்னச் சாமான்தான் உண்மையிலேயே மலிவு. பிளந்துபோன அந்த 5 பலகையில் நான் செய்தவை: சாவி மாட்டும் கட்டை (பழைய கதவுக் கொக்கிகள் நாலு திருகியது), குத்துவிளக்குக்கு ஒரு மணை, மணி பிளான்ட் தொட்டிக்கு உறை, பிறகு துண்டு துண்டாக அறுத்து உப்புத்தாள் போட்டு ஒட்டிய ஒரு கண்ணாடிச் சட்டம். கண்ணாடி 180 ரூபாய், மற்றதெல்லாம் சும்மா. வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியைத்தான் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். மூன்று ஞாயிறு ரத்தம் சிந்திச் செய்த அலமாரியை ஒருவரும் கேட்டதில்லை.

உப்புத்தாள் பற்றி: 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 120, கடைசியில் 220 (நம்பர் ஏற ஏறத் தாள் நைஸாக இருக்கும்). எடுத்த எடுப்பில் 220 போட்டால் சிலாம்பும் போகாது, உங்கள் பொறுமைதான் போகும். மரம் ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் வார்னிஷ் அடித்த பிறகுதான் பல்லைக் காட்டும்.

11 ஆகஸ்ட் 2024

மே 12ல் உளுக்காது என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அலமாரியின் கீழ்த் தட்டுக்கு அடியில் தரையில் மாவு. கோலமாவு யாரோ கொட்டிவிட்டார்கள் என்று இரண்டு நாள் பெருக்கினேன். மூன்றாம் நாளும் அதே இடத்தில், அதே சின்னக் குவியல். பலகையைத் திருப்பிப் பார்த்தால் குண்டூசி குத்தின மாதிரி துளை, பத்துப் பன்னிரண்டு. கறையான் என்று அலறிவிட்டேன். ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். கறையான் என்றால் மண் புற்று ஓடியிருக்கும், இது உளு வண்டு என்றார். விரலில் மாவை எடுத்துத் தேய்த்துக் காட்டினார், டால்கம் பவுடர் போல இருந்தது.

விஷயம் என்னவென்றால் அந்த ஒரு தட்டு மட்டும் பேலட்டில் வந்த பைன் மரம் இல்லை. நீளம் போதாமல் ஒரு பேக்கிங் பெட்டிப் பலகையைப் போட்டிருந்தேன். வெளிர் மஞ்சள், கணுவே இல்லாமல் வழவழவென்று இருந்ததால் உசத்தி மரம் என்று நினைத்தேன். அது ரப்பர் மரம். கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை 25, 30 வருடத்தில் வெட்டிவிடுவார்கள், அந்தக் கட்டை பெட்டிக்கும் நாற்காலிக்கும் போகும். அதில் மாவுச்சத்து அதிகம், உளு வண்டுக்கு அது விருந்து. மருந்தேற்றி உலர்த்திய ரப்பர் மரம் நன்றாகவே உழைக்கும். நான் எடுத்தது மருந்தேறாதது.

முத்திரை விஷயத்திலும் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். 56 டிகிரி வெப்பம் அன்றைக்கு உள்ளே இருந்ததைக் கொல்லும். நாளைக்கு வருவதை அது தடுக்காது.

என்ன செய்தேன்? அந்தத் தட்டை எரித்தேன். மற்றதற்கெல்லாம் போராக்ஸையும் போரிக் பவுடரையும் வெந்நீரில் கரைத்து இரண்டு கை அடித்தேன், அதற்கு முன்னால் வார்னிஷைச் சுரண்ட வேண்டியிருந்தது, வார்னிஷ் இருந்தால் மருந்து உள்ளே இறங்காது. அதாவது இதை முதல் நாளே, வார்னிஷ் படாத வெறும் பலகையிலேயே செய்திருக்க வேண்டும். பால்கனியில் மழை படுகிற சாமானுக்கு இந்த மருந்து நிற்காது, கரைந்து ஓடிவிடும்.

12 ஆகஸ்ட் 2024

"முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அடித்தால் ஒரு பூச்சி வராதே" என்று எழுதியவருக்கு: வராதுதான், எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டுக் கொட்டகைக் கட்டைக்கு அதைத்தான் அடிப்பார்கள். ஆனால் கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கறுப்பு நிறம், வாரக்கணக்கில் வாடை. ஹாலில் வைக்கிற அலமாரிக்கு அதை அடித்துவிட்டு மனிதர்கள் எங்கே போவது?

8 செப்டம்பர் 2024

பைன் கட்டை பார்க்க ஆப்பிள் பெட்டி மாதிரி இருக்கிறது, பழைய மரம் போலக் கறுக்க வைக்க வழி உண்டா என்ற கேள்வி. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற வழி உண்மையிலேயே வேலை செய்கிறது. வினிகரில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை (ஸ்டீல் நார் இல்லை, துருப்பிடிக்கிற வகை) இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைப் பலகையில் பூச வேண்டும். மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. பைனில் துவர்ப்பு குறைவு, அதனால் முதலில் கெட்டி டீ டிகாஷன் பூசச் சொல்கிறார்கள். பூசினேன். சாம்பல் நிறம்தான் வந்தது.

அப்போதுதான் என் மாமியார் டீத்தூளை ஏன் வீணாக்குறே, கடுக்காய்ப் பொடி போடு என்றார். அவருக்கு மரவேலை தெரியாது. அவருடைய சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம், துணியில் கருப்பூர் கலம்காரி ஓவியம் போடுகிறவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். துணியை முதலில் கடுக்காயில் முக்குவார்களாம். பழைய இரும்பையும் வெல்லத்தையும் பானையில் நாள்கணக்கில் ஊறவைத்த தண்ணீரைத் தொட்டு எழுதினால் எழுதிய இடம் சட்டென்று கறுக்குமாம். அதே சங்கதிதானே! நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி 100 கிராம் 40 ரூபாய். வெந்நீரில் கலக்கி வடிகட்டிப் பூசி, காய்ந்ததும் இரும்புத் தண்ணீர். கண் முன்னாலேயே கறுத்தது, ஈட்டி மரம் மாதிரி. நான் கத்திய கத்தில் கீழ் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: தரையில் சொட்டினால் மொசைக்கிலும் அதே கறுப்பு. ஓனர் அம்மாவின் கண்ணில் படாமல் அங்கே இப்போது கால்மிதி.

15 செப்டம்பர் 2024

கறுக்க வைத்த பிறகு மேலே என்ன பூசுவது என்றால், நான் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) போட்டேன், நாலு நாளில் காய்ந்தது. துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு வரும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கட்டுக்கதை என்று நினைத்தேன், இல்லை. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் வாளியில் போடுங்கள்.

29 செப்டம்பர் 2024

நவராத்திரி வியாழக்கிழமை (அக்டோபர் 3) ஆரம்பம். இந்த வருடம் கொலுப்படி பேலட்டில்தான். இதுவரை இருந்தது இரும்புப் படி, பிரித்து வைக்க லாஃப்டில் இடமில்லை என்று வருடா வருடம் சண்டை. அதனால் படியாகச் செய்யவில்லை, பெட்டிகளாகச் செய்தேன். அடியும் முதுகும் இல்லாத ஐந்து மரப் பெட்டி, எல்லாம் 3 அடி 3 அங்குல நீளம், 10 அங்குல ஆழம். உயரம் மட்டும் 9, 18, 27 என்று ஏறிக்கொண்டே போகும். வரிசையாக வைத்தால் ஐந்து படி. கொலு முடிந்ததும் சின்னது ஸ்டூல், அடுத்தது டிவி மேஜை, உயரமானவற்றில் நடுத்தட்டு போட்டால் புத்தகம். லாஃப்டுக்கு ஏறவே வேண்டாம்.

நீளம் ஏன் 3 அடி 3 என்றால், பேலட்டின் ஒரு பக்கம் 1,000 மில்லிமீட்டர், பலகையை அறுக்காமல் அப்படியே போட்டேன். பேலட் 8 ஆனது, இப்போது ஒன்று 140 சொல்கிறார்கள், 1,120. ஸ்க்ரூ 200. கணவர் கடைசி இரண்டு ஞாயிறு அவராகவே வந்து பலகை பிடித்தார், இதை எழுதி வைக்கச் சொன்னார்.

4 அக்டோபர் 2024

படி நின்றது. மண் பொம்மை கனம் தாங்குமா என்று மாமியாருக்கு நேற்று வரை சந்தேகம், மேல் படியில் மரப்பாச்சியையும் கலசத்தையும் வைக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மேலே வெள்ளை வேஷ்டி விரித்துவிட்டார்கள். கடுக்காய் போட்டுக் கறுக்க வைத்தது ஒரு அங்குலம்கூட வெளியே தெரியவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது, இங்கே வெள்ளி முதலே விடாத மழை. வீட்டுக்குள் இந்த முறை தண்ணீர் வரவில்லை. ஆனால் டிவி மேஜையாகிவிட்ட கொலுப் பெட்டியில் நான் ஆசைப்பட்டுச் சேர்த்த இழுப்பறை திறக்க மாட்டேன் என்கிறது. உள்ளே ஈபி கார்டும் ரேஷன் கார்டும்.

மரம் ஈரத்தில் அகலவாக்கில்தான் ஊதும், நீளவாக்கில் அநேகமாக ஊதாது. நான் அளவெடுத்தது செப்டம்பர் வெயிலில், தாள் நுழைகிற இடைவெளிதான் விட்டேன். ஆசாரி அண்ணனிடம் சொன்னால், ஐப்பசி கார்த்திகையில் பொருந்துகிற மாதிரி செய்யணும், சித்திரையில் ஆடினால் ஆடட்டும் என்கிறார். மேலும் கீழும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் கனம் விட்டிருந்தால் போதுமாம். இப்போது பலம் போட்டு இழுக்காதே, தை பிறந்தால் தானே திறக்கும் என்றார். ரேஷனுக்கு அதுவரை பொறுக்க முடியாது, பெட்டிக்குத்தான் முதுகு இல்லையே, பின்பக்கமாக இழுப்பறையின் பின்பலகையைக் கழற்றி எடுத்தேன்.

8 டிசம்பர் 2024

பேலட்டை விடுங்கள், இடித்த வீட்டுத் தேக்கு வாங்குங்கள் என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். போய்ப் பார்த்தேன். மாதவரம் பக்கம் ஒரு கடை, பழைய நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் அடுக்கியிருக்கிறது. மரம் அருமை, ஐம்பது அறுபது வருடம் காய்ந்தது இனிமேல் ஊதவும் போவதில்லை என்று தோன்றியது. (மேல் வரியைத் திருத்துகிறேன்: ஆசாரி அண்ணன் சிரித்தார், நூறு வருட மரமும் மழைக்கு ஊதும், நிலைக் கதவைக் கேட்டுப் பார் என்றார்.) ஆனால் அதைக் கன அடிக் கணக்கில் எடை போடுகிற மாதிரி விற்கிறார்கள், வேஸ்ட் கட்டை என்ற பேச்சே கிடையாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுப் பர்மாத் தேக்குத் தூணைக் கலைப்பொருளாகவே விற்கிறார்கள், அது இன்னும் வேறு உலகம். நான் வாங்கியது நிலையில் அறுத்துத் தள்ளிய முக்கோணத் துண்டுகள், ஒரு பை 100 ரூபாய். ஊதுவத்தி ஸ்டாண்ட், புத்தகம் சாயாமல் இருக்க இரண்டு முட்டு, மீதி கதவுக்கு ஆப்பு.

பழைய பெயின்ட் அடித்த கட்டை வாங்கினால் உப்புத்தாளை உலர்வாகப் போடாதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் கதவுத் தூளைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் பறக்கவிடக் கூடாது. ஈரமாக்கி, ஈர உப்புத்தாளால் தேய்த்து, துணியோடு வழித்தெடுங்கள். இல்லை, தேய்க்காமல் மேலேயே இரண்டு கை பெயின்ட் அடித்துவிடுங்கள்.

13 ஜனவரி 2025, போகி

காலை நாலரைக்குத் தெருவில் கொளுத்த ஆரம்பித்துவிட்டார்கள். டயர் இல்லை, பரவாயில்லை. குவியலில் பாய், முறம், அதன் மேல் ஒரு ஒற்றைக் கதவு, நீல பெயின்ட், கீழ்ப் பாதி பலகை, மேல் பாதியில் மரக் கம்பி. யாருடையது என்று கேட்டு, நெருப்பு எட்டுவதற்குள் இழுத்துவிட்டேன். போகியன்று பழையதை வீட்டுக்குள் கொண்டு வருகிற ஒரே பிறவி நீதான் என்று மாமியார். என் கணவர் ஒன்றும் பேசாமல் போய் ஹாக்சா பிளேடு எடுத்து வந்தார்.

ஓரத்தில் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே வேம்பு மாதிரி தெரிகிறது. 2 அடிக்கு 5 அடி. மே மாதம் கேள்வி கேட்டவர் தன் அலமாரியை முடித்தாரா என்று தெரியவில்லை, முடிந்திருந்தால் இழுப்பறை வைத்தாரா என்று மட்டும் சொல்லட்டும். இந்தக் கதவை என்ன செய்யலாம் என்று மற்றவர்கள் சொல்லுங்கள். அலமாரி வேண்டாம்.